புரபசரம்மா ஊரில் இருக்கும் வரை

புன்னைக்குறிச்சிக் கல்லூரியில் வேதியியல் கற்பித்த புரபசரம்மா சுகிர்தம், பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தெடுத்த ஒரு சத்தை எடுத்துக்கொண்டு, அதன் ஓர் ஓரத்தில் ஒரு கிளையை ஒட்டியும் இன்னோர் ஓரத்தில் ஒரு வளையத்தை வெட்டியும், சூடாக்கியும் ஆறவைத்தும் வடிகட்டியும், இருபத்தாறு வருஷத்தில் இருநூற்றுப் பதினாறு பொருள்களைச் செய்து, அத்தனையும் எதற்கும் உதவாமல் போனபிறகு, இருநூற்றுப் பதினேழாவதாக ஒரு வெள்ளைப் பொடியைச் செய்தார். அந்தப் பொடி நடுக்குவாதக்காரர்களின் கையை நிறுத்தியது.

எலிகளுக்குக் கொடுத்து, முயல்களுக்குக் கொடுத்து, அனுமதிக் கடிதத்துக்கு மூன்று வருஷம் காத்திருந்து, கடைசியில் ஊர் மிஷன் ஆஸ்பத்திரியில் நாற்பத்தோரு பேருக்கு அதைக் கொடுத்தார்கள். முதல் ஆள் பீர்முகமது. கல்லூரிப் பட்டறையில் நெருப்பின் முன்னால் உட்கார்ந்து கண்ணாடிக் குடுவை ஊதுகிறவர். சுகிர்தத்தின் மேசையில் இருந்த குடுவைகளில் பாதி அவர் ஊதியவை. ஆறு வருஷமாகக் கை நடுங்கி, பட்டறையைப் பூட்டிவைத்திருந்தார். பொடி சாப்பிட்ட ஒன்பதாம் நாள் காலை டீக்கடையில் தம்ளரை எடுத்தபோது டீ ஆடவில்லை. கடைக்காரர் பார்த்தார், பெஞ்சில் இருந்தவர்கள் பார்த்தார்கள். பீர்முகமது நிதானமாகக் குடித்து முடித்துவிட்டு இன்னொரு டீ கேட்டார்.

அந்த வாரத்திலேயே பிளவுஸ் தைக்கும் இசக்கியம்மாள் ஊசியில் தானே நூல் கோத்தாள். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் துரைப்பாண்டி தன் கையால் சவரம் செய்துகொண்டார். கொத்தனார் சப்பாணிமுத்து, ஐந்து வருஷத்துக்குப் பிறகு சாரத்தில் ஏறி, மாதா கோயில் கோபுரத்துக்குப் பூச்சு வேலை ஆரம்பித்தார்.

ஆனால் வெளியூர்ச் சோதனைக்கூடங்களுக்கு அனுப்பிய பொடி அங்கே சுண்ணாம்பு மாதிரி கிடந்தது. யாருக்கும் எதுவும் நிற்கவில்லை. சுகிர்தம் பொய்க் கணக்கு எழுதிவிட்டார் என்று பத்திரிகைகளில் வந்தது, விசாரிக்க டில்லியிலிருந்து நான்கு பேர் வந்தார்கள். அவர்கள் நாற்பத்தோரு பேரின் கைகளையும் பார்த்தார்கள், தொட்டார்கள், நீட்டச் சொன்னார்கள். பிறகு இரண்டு பேரைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்ப, ஒன்பதாவது கிலோமீட்டரில் கீழாங்குளம் ரயில்வே கேட்டைத் தாண்டியதும் இரண்டு பேருக்கும் கை நடுங்க ஆரம்பித்தது. காரைத் திருப்பினார்கள், நின்றது. மறுபடி தாண்டினார்கள், நடுங்கியது. பதினோரு தடவை இப்படிப் போய்வந்துவிட்டு, 'மருந்து புன்னைக்குறிச்சியில் வேலை செய்கிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

ஊருக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இருக்கவில்லை, ஏனென்றால் தங்கள் ஊரில் ஏதோ இருக்கிறது என்று அவர்களுக்கு எப்போதுமே தெரியும். ஆற்றுத் தண்ணீர் என்றார்கள் கோயில்காரர்கள், மாதா என்றார்கள் கோபுரம் கட்டியவர்கள், பள்ளிவாசல் தெருக்காரர்கள் அடக்கமாகி இருக்கும் பெரியவரைச் சொன்னார்கள்; மூன்று தரப்பும் சண்டை போடவில்லை, மூன்றுக்கும் போதுமான கைகள் இருந்தன. கேட்டுக்கு இந்தப் பக்கம் 'கை நடுங்காத மனைகள் விற்பனைக்கு' என்று போர்டு வைத்தார்கள். பஸ் கண்டக்டர்கள், "கேட் வருது, கையில சூடா எதுவும் வச்சிருக்கவங்க கீழ வைங்க" என்று சொல்லப் பழகினார்கள். வெளியூரில் பத்திரம் பதிய வேண்டியவர்கள் இங்கேயே கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். இப்படி ஒரு வருஷமும் இரண்டு மாதமும் போயிற்று. அந்த நாள்களில் சுகிர்தம் ஒருநாள்கூட லீவு எடுக்கவில்லை, காலையில் கல்லூரி, மதியம் ஆஸ்பத்திரி என்று நாற்பத்தோரு பேரையும் தினம் பார்த்தார். அதனால் யாருக்கும் வேறு எதுவும் தெரியாமல் இருந்தது.

டிசம்பரில் பெங்களூர்க் கருத்தரங்குக்குக் கூப்பிட்டார்கள். பொய்க்காரி என்று எழுதியவர்கள் முன்னால் பேசப்போகிறோம் என்று சுகிர்தம் நல்ல சேலையாக எடுத்துக் கட்டிக்கொண்டு, திருநெல்வேலி பஸ்ஸில் ஏறினார். பத்து இருபதுக்கு பஸ் கேட்டைத் தாண்டியது. பத்து இருபதுக்கு இசக்கியம்மாளின் மெஷின் ஊசி அவள் விரலில் இறங்கியது. பீர்முகமது ஊதிக்கொண்டிருந்த குடுவை கோணிக்கொண்டு மடியில் விழுந்தது. நான்காவது சாரத்தில் நின்றிருந்த சப்பாணிமுத்து, பிடித்திருந்த கயிற்றைத் தன் கை தானே உதறிவிடுவதைப் பார்த்தார். கீழே நின்ற சித்தாள் அவர் பார்த்ததைப் பார்த்தாள். விழுந்தவருக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

செய்தி கேட்டு சுகிர்தம் ஜங்ஷனிலேயே இறங்கி அடுத்த பஸ்ஸில் திரும்பினார். பன்னிரண்டு ஐந்துக்குக் கேட்டைத் தாண்டினார்; பன்னிரண்டு ஐந்துக்கு ஊரில் நாற்பது பேருக்கும் கை நின்றது. பீர்முகமதுதான் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் கண்டக்டர்களிடம் இரண்டு நேரத்தையும் கேட்டுவந்தார். யாரிடமும் சொல்வதற்கு முன்னால் நேராக சுகிர்தத்தின் வீட்டுக்கு வந்தார்.

"தண்ணியும் இல்ல, சாமியும் இல்லம்மா," என்றார். "நீங்கதான்."

மூன்றாம் நாள் சப்பாணிமுத்துவின் மனைவி மாடத்தி வந்தாள். சுகிர்தம் எழுந்து நின்றார்.

"நான் வைய வரல," என்றாள் மாடத்தி. "உங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. ஆனா இனிம எங்க போனாலும் சொல்லிட்டுப் போங்க. சொல்லிருந்தா அவரு அன்னைக்குக் கீழ நின்னு கலவை போட்டிருப்பாரு."

அவள் சொன்னது அவ்வளவுதான். ஊர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. ஒருவரும் கூட்டம் போடவில்லை, ஒருவரும் மிரட்டவில்லை. ஆனால் திருநெல்வேலி பஸ்ஸில் சுகிர்தம் ஏறினால் கண்டக்டருக்குச் சில்லறை இல்லாமல் போனது, ஆட்டோக்காரர்களுக்கு எரிபொருள் தீர்ந்தது, காலையில் நடக்கப் போனால் இரண்டு பேர் பின்னாலேயே, பேச்சுக் கொடுக்காமல், பத்தடி தள்ளி நடந்தார்கள். ஆஸ்பத்திரியில் அவருக்குத் தினமும் ரத்த அழுத்தம் பார்த்து வாசல் பலகையில் எழுதிவைத்தார்கள். மீன்காரி உப்புக் கருவாட்டை அவர் கண்ணில் படாமல் மூடினாள். மாடிப்படியில் அவர் ஏறினால் கீழே நிற்பவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு, அவர் ஏறி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கு அப்போது ஐம்பத்தேழு வயது. தும்மினால்கூடப் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

பிப்ரவரியில் புனேயிலிருந்து மகள் பிரிசில்லா போனில் கூப்பிட்டாள். பள்ளிக்கூட டீச்சர், தனியாக இருக்கிறாள், நெஞ்சில் ஒரு வால்வு சரியில்லை, பயணம் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

"ஜூன் பன்னெண்டு ஆபரேஷன்," என்றாள். "வர முடியுமா முடியாதான்னு மட்டும் சொல்லும்மா. முடியாதுன்னா நான் யாரையாவது ஏற்பாடு பண்ணணும்."

"வருவேன்," என்றார் சுகிர்தம்.

"போன வருஷமும் வருவேன்னுதான் சொன்னே."

ஊருக்கு இது ஒரு மணி நேரத்தில் தெரிந்தது. பஞ்சாயத்துத் தலைவர் வந்து, இரண்டு பஸ் பிடித்து நாற்பது பேரும் கூடவே புனேக்கு வந்துவிடுகிறோம் என்று உண்மையாகவே சொன்னார்; ஆபரேஷன் நடக்கும் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் கல்யாண மண்டபம் எதுவும் இருக்கிறதா என்றும் விசாரித்திருந்தார். சுகிர்தம் அவருக்கு மோர் கொடுத்து அனுப்பினார். மறுநாளிலிருந்து தன்னை அந்தப் பொடியிலிருந்து பிரித்தெடுக்கும் வேலையைத் தொடங்கினார்.

இருபத்தாறு வருஷத்தில் எத்தனையோ அழுக்குகளை எத்தனையோ பொருள்களிலிருந்து பிரித்திருக்கிறார், அதே முறைகளைத்தான் இப்போதும் செய்தார்: பொடியைக் கரைத்து மறுபடி படிகமாக்கினார், ஆறு தடவை, பதினொரு தடவை, இருபது தடவை, கண்ணாடிக் குழாயில் மணல் மாதிரி நிறைத்த வடிகட்டியின் வழியே சொட்டுச் சொட்டாக இறக்கினார், கையுறை மேல் கையுறை போட்டு, மூச்சை மறைத்து, தொடாமல், பார்க்காமல், அடுத்த அறையில் இருந்துகொண்டு செய்தார். கருவிகள் எல்லாம் பொடி சுத்தம் என்றன. ஒவ்வொரு தடவையும் ஒருவருக்குக் கொடுத்துக் கேட்டுக்கு வெளியே அனுப்பிப் பார்த்தார், ஒவ்வொரு தடவையும் போனவர் அங்கே நடுங்கிவிட்டுத் திரும்பினார். மார்ச் முடிந்து ஏப்ரல் வந்தது. சுகிர்தம் இளைத்தார், இளைத்தது வாசல் பலகையில் ஏறியது, ஊர் பால் கொண்டுவந்து வைத்தது.

அவரிடம் ஆராய்ச்சி செய்த கோமதிக்கு முப்பத்தொரு வயது. ஏழு வருஷமாக அந்த லேபில் இருக்கிறாள், துபாயில் வேலை பார்க்கிறவரோடு கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஏப்ரலில் சுகிர்தத்துக்குக் காய்ச்சல் கண்டு நாலு நாள் படுத்தபோது கோமதி தனியாக ஒரு தடவை பொடி செய்தாள், அதை ஆறு பேர் சாப்பிட்டார்கள். பத்து நாள் கழித்து அவள் சங்கரன்கோவிலுக்குச் சேலை எடுக்கப் போனாள். அவள் போன நேரத்துக்கு அந்த ஆறு பேருக்கும் கை நடுங்கியது. சுகிர்தம் அப்போது லேபில்தான் இருந்தார்.

கோமதி திரும்பி வந்ததும் இசக்கியம்மாள் நடந்ததைச் சொன்னாள். அவள் அந்த ஆறு பேரில் ஒருத்தி. கோமதி சேலைப் பையைக் கீழே வைக்கவில்லை.

"யாருகிட்டயும் சொல்லாதீங்க," என்றாள். "மேடத்துக்கு நடக்கிறது எனக்கும் நடக்க வேண்டாம். நான் போணும்."

"செஞ்சவங்க எங்க இருக்காங்களோ, அங்கதான் அது மருந்து," என்றார் சுகிர்தம் மெதுவாக. இருபத்தாறு வருஷம் படித்த எந்தப் பாடத்திலும் அது இல்லை. "நான் இல்லைன்னா நீ. நீ இல்லைன்னா இன்னொருத்தர். யாரையாவது ஒருத்தரைக் கட்டிப்போட்டாகணும்."

கோமதி அழுதாள். இசக்கியம்மாள் விரலில் ஊசி இறங்கிய தழும்பைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அப்ப எனக்கு வேண்டியதை நானே காய்ச்சிக்கிடுதேன்," என்றாள் பிறகு. "நான் என்னைய விட்டுட்டு எங்க ஓடப்போறேன்?"

சுகிர்தம் அவளை நிமிர்ந்து பார்த்தார். இசக்கியம்மாள் எட்டாவது வரை படித்தவள், அறுபத்தொரு வயது.

மே முதல் தேதி கல்லூரி விடுமுறை விட்டதும் லேப் திறந்தது. நாற்பது பேர் வந்தார்கள். நகை ஆசாரி வந்தார், முடிவெட்டுகிறவர் வந்தார், படுத்த படுக்கையான கணவனுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு ஞானப்பூ டீச்சர் வந்தார். எல்லோருக்கும் இசக்கியம்மாள் மேலங்கி தைத்திருந்தாள். குடுவை மடியில் விழுந்த நாளிலிருந்து பூட்டிக் கிடந்த பட்டறையைத் திறந்து பீர்முகமது நாற்பது பேருக்கும் குடுவை ஊதினார். பொடி செய்து முடிக்க ஏழு படி உண்டு. முதல் படியில் நாலு பேர் கொட்டினார்கள், மூன்றாம் படியில் ஒருவர் புருவத்தைப் பொசுக்கிக்கொண்டார், ஐந்தாம் படியின் நாற்றத்தில் தெருவே கதவடைத்தது. ஆனால் ஆசாரிக்கு நெருப்பின் நிறம் தெரியும், சமையல்காரிக்குப் பதம் தெரியும், எதை எப்போது நிறுத்த வேண்டும் என்பது கை வேலை செய்த எல்லோருக்கும் தெரியும். தெரியாததை ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்டார்கள். "உனக்கு மஞ்சளாயிட்டா?" "இன்னும் இல்ல, இளஞ்சிவப்புலயே நிக்குது." "ஐஸைப் போடு, ஐஸைப் போடு." ஊரில் இப்போது கல்யாண வீட்டுப் பந்தியிலும் இதுதான் பேச்சு.

கடைசிப் படிதான் கஷ்டம். தெளிந்த கரைசலை ஐஸில் வைத்து, கண்ணாடிக் குச்சியால் குடுவையின் உள்சுவரை லேசாகக் கீறிக்கொண்டே இருக்க வேண்டும்; வரும், அல்லது வராது. இசக்கியம்மாளுக்கு மே இருபதாம் தேதி மதியம் வந்தது, பனி இறங்குவது மாதிரி. ஒன்பது நாள் தன் பொடியை மட்டும் சாப்பிட்டுவிட்டு அவள் தனியாகத் திருநெல்வேலிக்குப் போனாள். கேட் வருகிறது என்று கண்டக்டர் சொன்னார். அவள் மடியிலிருந்து ஊசியும் நூலும் எடுத்து, கேட்டைத் தாண்டி, ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் இடித்துக்கொண்டு போகும் இடத்தில் நின்று நூல் கோத்தாள். பிறகு கோத்ததை உருவிவிட்டு மறுபடி கோத்தாள்.

மே முப்பதுக்குள் முப்பத்தேழு பேருக்கு வந்து, ஜூன் எட்டுக்குள் ஒன்பது நாளும் முடிந்துவிட்டது. மூன்று பேருக்கு வரவில்லை: ஞானப்பூ டீச்சர், துரைப்பாண்டி, பீர்முகமது. மூன்று பேரின் குடுவையிலும் அது எண்ணெயாகவே நின்றது. எவ்வளவு கீறியும் எண்ணெய்தான். காரணம் சுகிர்தத்துக்குத் தெரியவில்லை. ஒன்பதாம் தேதி காலை அவர் பெட்டியோடு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தபோது, துரைப்பாண்டியின் மகன் வெளியே போகும் வழியை அடைத்து டிராக்டரை நிறுத்தியிருந்தான்.

"எங்கப்பாவுக்கு வரட்டும். அப்புறம் அவிய எங்க வேணாலும் போட்டும்."

"எப்ப வரும்?" என்றாள் இசக்கியம்மாள்.

"எனக்கென்ன தெரியும்? இல்லைன்னா எங்கப்பாவையும் கூட்டிட்டுப் போட்டும்."

முப்பத்தேழு பேர் அங்கே நின்றார்கள். தங்களுக்குக் கிடைத்துவிட்டதால் டிராக்டரைத் தள்ளச் சொல்ல அவர்களில் ஒருவரும் முன்னால் வரவில்லை. டிரைவர் எஞ்சினை நிறுத்தினார். சுகிர்தம் பெட்டியைக் கீழே வைக்காமல் நின்றார். ஒரு வார்த்தை எவனாவது தப்பாகச் சொன்னால் கை கலந்துவிடும் போல் இருந்தது. பீர்முகமது கூட்டத்துக்குள்ளிருந்து வந்தார்.

"ஏலே, மூணு பேருல நானும் ஒருத்தன்," என்றார். "பத்து நாளு எனக்கும் நடுங்கும், டீச்சருக்கும் நடுங்கும், உங்கப்பனுக்கும் நடுங்கும். யாரும் சாரத்தில ஏறப்போறதில்ல. அந்தப் பிள்ளை நெஞ்சைத் திறந்து வச்சிருக்கும்போது ஆஸ்பத்திரி வராந்தாவுல எங்களைக் கட்டிக்கிட்டு உக்காரவா இவிய போறாவ?"

"பத்து நாள்ல வரலைன்னா?"

அவன் சுகிர்தத்தைப் பார்த்துத்தான் கேட்டான்.

"எம்மக எழுந்து நடந்ததும் வருவேன்," என்றார் சுகிர்தம். "எத்தனை நாள்னு சொல்ல மாட்டேன். சொன்னா அது பொய்யாப் போகலாம்."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த துரைப்பாண்டி அப்போதுதான் எழுந்தார். முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டியவர். டிராக்டரில் ஏறி, சாவியைத் திருப்பி, நடுங்காத கையால் கியரைப் பின்னுக்குப் போட்டு, ஒரே வளைவில் வழியை விட்டு விலக்கி நிறுத்தினார்.

"போயிட்டு வாங்க," என்றார் மேலே இருந்தபடியே. "நேரமாயிட்டு."

பஸ் பத்து நாற்பதுக்குக் கேட்டைத் தாண்டியது.

புனேயில் பன்னிரண்டாம் தேதி காலை சம்மதப் படிவத்தை நீட்டியபோது சுகிர்தத்துக்குப் பேனா பிடிக்க முடியவில்லை. கை அப்படி ஆடியது. நர்ஸ் ஏதாவது வியாதியா என்று இந்தியில் கேட்டாள். இல்லை, பயம் என்றார். மூன்றாம் தடவை கையெழுத்து ஓரளவு கையெழுத்து மாதிரி விழுந்தது. ஐந்து மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்து, முகமூடியைக் கழற்றிவிட்டு, வால்வு நன்றாக வேலை செய்கிறது என்றார்.

புன்னைக்குறிச்சியில் பத்து நாள் ஆயிற்று. பதினொன்று, பன்னிரண்டு ஆயிற்று. ஞானப்பூ டீச்சரின் கணவனுக்குக் கஞ்சி ஊட்ட, பக்கத்து வீட்டுக்காரர்கள் முறை வைத்துக்கொண்டார்கள். துரைப்பாண்டியின் மகன் தகப்பனுக்குத் தினமும் சவரம் செய்தான். அந்த அம்மாள் இனி எதற்கு வரப்போகிறாள், கட்டிப்போட்டிருந்த ஊருக்கு யார் திரும்பி வருவார்கள் என்று ஊரில் பேசினார்கள். பேசியவர்களில் பாதிப்பேர் அவர் பின்னால் பத்தடி தள்ளி நடந்தவர்கள். பீர்முகமதுவின் சட்டைக்கு மனைவிதான் பொத்தான் போட்டுவிட்டாள்.

பதினாறாம் நாள் பிற்பகல் மூன்றே முக்காலுக்கு அவள் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டிருக்கும்போது அவர் அவள் கையை விலக்கினார். மீதி நான்கையும் தானே போட்டார், ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல். பஸ் ஸ்டாண்டுக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது துரைப்பாண்டி ஏற்கெனவே அங்கே நின்றிருந்தார், ஞானப்பூ டீச்சர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே தெருமுனையில் வந்துகொண்டிருந்தார். பஸ் வந்தது. சுகிர்தம் இறங்கி, மூன்று பேரின் கைகளையும் பார்த்தார். அவை நடுங்கி அவர் பார்த்து இரண்டு வருஷமாயிற்று. அவர் இருக்கும் இடத்தில் அவை நடுங்கியதில்லை.

"ரொம்ப நடுங்குச்சா பாய்?"

"அது கெடக்கு," என்றார் பீர்முகமது பெட்டியை வாங்கிக்கொண்டு. "பிள்ளை நடந்தாளா?"

"முந்தாநாள் வாசல்வரைக்கும் நடந்தா," என்றார் சுகிர்தம். நான்கு பேரும் பஸ் போனபிறகும் அங்கேயே நின்றார்கள்.